கறுப்பு ஜோடி, பழுப்பு ஜோடி

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தானின் முழங்கால் இப்போது மாடி ஏற விடுகிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பெட்டியைப் பிரித்ததும், 'பிறந்தநாள்கூட இல்லையே, இவனுக்கு என்ன வந்தது' என்று யோசித்திருப்பாய். இது பரிசு இல்லை, வேலை. உள்ளே இரண்டு ஹெட்போன்கள் இருக்கின்றன, ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. கூடவே ஒரு சின்ன பிளேயர், அதில் நான்கு பதிவுகள். முதலாவதில் ஒரு பெண் கடைச் சாமான் பட்டியல் வாசிப்பாள். இரண்டாவதில் மேளம் மட்டும். மூன்றாவதில் ஒரு அறைக்குள் புல்லாங்குழல். நான்காவதில் தகரக் கூரைமேல் மழை.

எங்கள் பட்டறையில் முதலாளியம்மா புதிய மாடல் ஒன்று இறக்கப் போகிறார். இந்த இரண்டு வகையில் எதைச் செய்வது என்று நான்தான் சொல்ல வேண்டும். அளக்கிற மெஷின் இருக்கிறது. ஆனால் பதினேழு வருடமாக அவர் மெஷினைவிட என்னைத்தான் நம்புகிறார். பட்டறையில் எனக்குப் பெயரே 'கடைசிக் காது'. பிப்ரவரி முடிவதற்குள் அறிக்கை எழுதித் தர வேண்டும். தப்பாகச் சொன்னால் கேட்டுச் சொல்கிற அந்த நாற்காலி போய்விடும். வேறு வேலை எனக்குத் தெரியவும் தெரியாது.

இதைப் பற்றி ஒன்றும் படித்திராத, ஆனால் கேட்கத் தெரிந்த ஒரு காது வேண்டும். டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவு செய்வதை நாள் முழுக்கக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள் நீ. உன்னை விட்டால் யார்? கேட்டதைக் கேட்டபடி எழுது. போன் வேண்டாம், எழுத்தில் இருந்தால் திரும்பப் படிக்க வசதி.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி

*

ஜனவரி 19

என் அருமை முறக்காதா,

நாற்பத்தாறு வயதானாலும் உன் காது இரண்டும் முறம் அளவுதானே, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். உன் அத்தானை முழங்கால் மாடி ஏற விடுகிறது. ஏறிய பிறகு எதற்கு ஏறினோம் என்பதுதான் மறந்துபோகிறது. நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? கையெழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையலை உன் அத்தான் தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். சந்தேகமே வேண்டாம், கறுப்புதான். மேளம் அடிக்கிற அடி வயிற்றில் வந்து விழுகிறது. அந்தப் பெண் 'பருப்பு, உப்பு' என்று வாசிப்பது பக்கத்தில் உட்கார்ந்து என்னிடமே பட்டியல் கொடுப்பது மாதிரி இருக்கிறது. பழுப்பு ஒரே சோகை. பேசுகிறவள் நாலு நாளாகச் சாப்பிடாதவள் போலிருக்கிறது. கனமோ கனம், கழுத்து வலிக்கிறது. இதற்கா உன் நாற்காலி ஆடுகிறது? கறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கு.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று தடவை போன் செய்தேன். இரண்டு தடவை நீ எடுக்கவில்லை. மூன்றாவது தடவை "அக்கா, சிக்னல் இல்ல, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டாய். நீ சொன்னது எனக்கு மணி மணியாகக் கேட்டதே. உங்கள் ஊர் சிக்னல் என்ன ஒருவழிப் பாதையா?

அப்புறம், ஒரே பாட்டுக் கருவியை இரண்டு விதமாக ஏன் செய்கிறார்கள்? உள்ளே என்ன இருக்கிறது? பிரித்துப் பார்க்கலாம் என்று உன் அத்தான் திருப்புளியோடு வந்தார், கையைத் தட்டிவிட்டேன்.

குளிர் அதிகமாக இருக்கிறதாமே, காதை மூடிக்கொண்டு போ.

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. அத்தான் கையிலிருந்து திருப்புளியை வாங்கி வைத்ததற்கு நன்றி. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் பிரித்தால் திரும்பச் சேர்த்துவிடுவார், ஆனால் அதற்குள் ஒரு தூசி போனாலும் கதை முடிந்தது.

நீ செய்தது எங்கள் தொழிலில் எல்லோரும் முதல் நாள் செய்கிற தப்பு. பிளேயரில் சத்தம் கூட்டுகிற குமிழை ஒரே எண்ணில் வைத்து இரண்டையும் கேட்டாய், இல்லையா? பழுப்புக்கு அதிக மின்சாரம் வேண்டும். அதே எண்ணில் அது அடக்கித்தான் பேசும். சத்தம் ஒரு துளி கூடினாலே மனசு அதை 'இதுதான் நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். நீ கேட்டது தரத்தை இல்லை, சத்தத்தை. சத்தம் அளக்கிற ஒரு சின்ன மீட்டர் அனுப்பியிருக்கிறேன். அட்டையில் ஓட்டை போட்டு அதில் மீட்டரைச் செருகி, அட்டையை ஹெட்போனின் பஞ்சுமேல் அழுத்து. ஐந்தாவதாக ஒரு பதிவைச் சின்ன கார்டில் போட்டு அனுப்பியிருக்கிறேன், பிளேயரில் செருகு, வெறும் இரைச்சல். இரண்டு ஜோடிக்கும் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டும் வரை குமிழைத் திருப்பி, அந்த இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாயே. கறுப்பு 'டைனமிக்' வகை. கூம்பு மாதிரி ஒரு சவ்வு, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம். சுருள் நடுவில் தள்ளும், ஓரம் பின்னாலேயே வரும். பழுப்பு 'பிளேனார் மேக்னடிக்'. அதில் தலைமுடியைவிட மெல்லிய தட்டைச் சவ்வு. அதன்மேல் முழுக்க உலோகக் கோடு வளைந்து வளைந்து ஓடும், இரண்டு பக்கமும் காந்தங்கள் வரிசையாக நிற்கும். தள்ளினால் சவ்வு முழுவதும் ஒரே நேரத்தில் அசையும். அந்த வித்தியாசம் காதுக்கு எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

இன்னொரு தடவை கேள். முக்கியமாக மெல்லிய சத்தங்களை. அவள் 'சர்க்கரை' என்னும்போது அந்தச் 'ச' எப்படி வருகிறது, குழலில் காற்று எங்கே தெரிகிறது, மழைத்துளியின் நுனி எப்படி இருக்கிறது. எவ்வளவு நீளமாக எழுத முடியுமோ அவ்வளவு எழுது.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

பிப்ரவரி 9

அடேய் முறக்காதா,

சுகம், சுகம். முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அப்புறம் பழுப்பு ஜோடியிடம். பாவம், வாயைக் கட்டிப்போட்டுவிட்டு 'பேசத் தெரியவில்லை' என்று திட்டியிருக்கிறேன்.

நீ சொன்னபடியே அட்டை, ஓட்டை, பென்சில் கோடு எல்லாம் செய்தேன். கறுப்புக்குக் கோடு ஐந்தில், பழுப்புக்கு எட்டரையில். அவ்வளவு வித்தியாசமா என்று வாயைப் பிளந்துவிட்டேன். மூன்று சாயங்காலம் வேறு வேலையே ஓடவில்லை.

சாமான் பட்டியல்: பழுப்பில் அவள் 'சர்க்கரை' சொல்வதற்கு முன்னால் உதடு பிரிகிற சத்தம் கேட்கிறது. அவள் கையில் இருப்பது ஒற்றைத் தாள், மூன்றாவது சாமானுக்குப் பிறகு அதைத் திருப்புகிறாள். கறுப்பில் அந்தத் தாளே இல்லை. ஆனால் கறுப்பில் அவள் குரலுக்கு ஒரு சதைப்பிடிப்பு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. பழுப்பில் அவள் குரல் தெளிவாக இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரிந்தவள் இல்லை.

மேளம்: உன் அத்தான் கட்சி மாறவே இல்லை. "மேளம்னா கறுப்புதான், அடிச்சா அடிச்ச மாதிரி இருக்கணும்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கறுப்பில் அடி விழுந்ததும் ஒரு உருண்டை. பழுப்பில் அடி, அப்புறம் தோல் அதிர்வது, அப்புறம் அது அடங்குவது, மூன்றும் தனித்தனியாக வருகின்றன. அடங்குவது எவ்வளவு நேரம் என்று தெரியுமா? இரண்டு தடவை மூச்சு விடுகிற நேரம். எனக்கு இது இத்தனை நாள் தெரியாதே என்று ஆச்சரியமாக இருந்தது.

மழை: கறுப்பில் மழை பெய்கிறது. பழுப்பில் தகரத்தில் விழுகிற துளிகளை எண்ணலாம். வலது பக்கம் தகரத்தில் எங்கோ ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது, அதன்மேல் விழுகிற துளிக்கு மட்டும் வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆணியையே பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

குழல்: பழுப்பில் சுரம் வருவதற்கு முன்னாலேயே காற்று வந்துவிடுகிறது. ஆனால் இங்கே ஒரு குறை. அவர் மேலே ஏறி நீளமாக நிற்கிற இடத்தில், இடது பக்கம், முடி அளவு மெல்லிசாக ஒரு 'கிர்ர்'. கறுப்பில் இல்லை. என் காதுக் கோளாறோ என்று ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன், 'கிர்ர்' வலது பக்கம் போய்விட்டது. ஆகவே கோளாறு ஹெட்போனில்தான், என் காதில் இல்லை. உனக்கு அது கேட்கிறதா? அது எதனால் வருகிறது?

போனை எப்போது எடுக்கப் போகிறாய்? உன் குரல் கேட்டு எத்தனை நாளாகிறது.

கனமான ஜோடிதான், ஆனாலும் கழுத்துவலி போய்விட்டது.

அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

நலம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அறிக்கை கொடுத்துவிட்டேன். பழுப்புதான். முதலாளியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துளிகளை எண்ணலாம் என்ற வரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். முதல் தவணையில் எண்பது ஜோடி. ஏப்ரல் நடுவில் வெளியே போகும்.

நீ சொன்ன அந்த 'கிர்ர்' பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை.

இரண்டு ஜோடியையும் நீயே வைத்துக்கொள். அத்தானுக்கு வணக்கம்.

தம்பி

*

மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

பழுப்பு ஜெயித்ததில் எனக்குப் பெருமைதான். என் வரியை என் வரி என்று சொன்னாயா, உன் வரி என்று சொன்னாயா என்று கேட்க மாட்டேன். இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்.

ஒரு சின்ன சந்தேகம். புல்லாங்குழல் பதிவின் கடைசியில், குழல் நின்று நான்கு விநாடி கழித்து, யாரோ சாவிக்கொத்தை எடுக்கிற சத்தம் வருகிறதே, மெல்லிசாக, கிணிகிணி என்று. பழுப்பில் மட்டும்தான் தெரிகிறது. உன் நண்பர்கள் பதிவு செய்யும்போது வீட்டுக்குப் போக அவசரமா? அதைக் கவனித்தாயா?

உடனே எழுது.

அக்கா

*

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

சுகம். நீ சொன்னதும் சிரிப்பு வந்தது. அந்தச் சாவிக்கொத்தை நான் முதல் நாளே கவனித்தேன். பதிவு செய்த பையன் அப்படித்தான், கதவைப் பூட்டிக்கொண்டு ஓடத் தயாராக நிற்பான். அதுகூடத் தெரிகிறதே, அதுதான் பிளேனாரின் பெருமை. உன் காது அபாரம்.

அத்தானுக்கு முழங்கால் தைலம் இத்துடன்.

தம்பி

*

மார்ச் 17

தம்பி,

அந்தப் பதிவில் சாவிக்கொத்து இல்லை.

குழல் நின்ற பிறகு ஒன்றுமே இல்லை. அறை மட்டும்தான். ஐம்பது தடவை கேட்டுவிட்டேன். நானாக எழுதினேன். நீ "என்னக்கா உளறுற" என்று எழுதுவாய் என்று வேண்டிக்கொண்டேதான் எழுதினேன். நீ கதவைப் பூட்டுகிற பையனையும் சேர்த்து அனுப்பிவிட்டாய். என் காதில் பூ சுற்றியது போதும்.

எப்போதிலிருந்து? போனை ஏன் எடுப்பதில்லை, மெல்லிய சத்தத்தை ஏன் 'நீளமாக எழுது' என்றாய், 'கிர்ர்' பற்றி ஏன் மழுப்பினாய், எல்லாம் இப்போது புரிகிறது. உன் அத்தானிடம் சொன்னேன். "பாவம், யார்கிட்ட சொல்லுவான்" என்றார், அவ்வளவுதான்.

உன்னைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சின்ன வயதில் நாம் அப்பாவிடம் செய்தது ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குக் காது போன பிறகு, அவர் எதிரே நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்போம். அவர் "சரி, சரி" என்று தலையாட்டுவார். நீயும் நானும் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரிப்போம். அதையேதான் உன்னிடம் செய்திருக்கிறேன். அப்போது தெரியாமல் செய்தோம், இப்போது தெரிந்து செய்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஆனால் எண்பது ஜோடி போகப் போகிறது. எல்லாவற்றிலும் அந்த 'கிர்ர்' இருந்தால்? வாங்குகிறவர்களுக்குக் காது இருக்கும். உன் பேச்சை நம்பிப் பணம் போட்ட அந்த அம்மா என்ன ஆவார்? அது வெளியே போவதற்கு முன்னால் போய்ச் சொல். நாற்காலி போனால் போகட்டும்.

உனக்கு எதுவும் ஆகிவிடாது. நான் இருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 4

தம்பி,

பதினெட்டு நாளாகிறது. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. தேதி நெருங்குகிறது. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அத்தான் வரட்டுமா என்று கேட்கிறார். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை அது உண்மை. உன்னைக் காக்க வைத்ததற்கு என்ன சொன்னாலும் தகும்.

ஒன்றரை வருடமாகிறது. முதலில் பட்டறையில் யாரோ விசிலடித்தார்கள் என்றார்கள், எனக்கு மட்டும் கேட்கவில்லை. அப்புறம் 'ச'வும் 'ஸ'வும் தேய்ந்தன. கீழ்ச் சத்தமும் நடுச் சத்தமும் இப்போதும் கேட்கும், மேலேதான் ஒன்றும் இல்லை. போனில் பாதி வார்த்தை காணாமல் போகிறது. உன் இரண்டாவது கடிதம் வந்தபோது பட்டறையில் இருக்கிற இதே மாதிரி ஜோடிகளில் மூன்றாவது பதிவைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு இரண்டு ஜோடியும் ஒன்றுதான். அந்த நிமிடம் அழுதேன். அப்பா மாதிரி ஆகப்போகிறேன் என்று பயம், எல்லோரும் என் எதிரே வாயை அசைக்கப் போகிறார்கள் என்று பயம். அதற்காக எண்பது பேர் தலையில் பழுதுள்ள சாமானைக் கட்டத் துணிந்தேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி முதலாளியம்மா அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷம்மா."

"அப்போ போன மாடல்?"

"அது நல்லா கேட்டுத்தான் பண்ணேன்."

"அதை இனிமே நான் எப்படி நம்பறது?"

பதினேழு வருடம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது.

அன்றே மெஷினில் எண்பதையும் ஏற்றினோம். நீ சொன்ன சுரத்தில், முப்பத்தொன்றில் 'கிர்ர்' இருந்தது. சவ்வின் ஓரத்தில் பசை ஒரு இடத்தில் சரியாகப் பிடிக்கவில்லை, இழுப்பு சமமாக இல்லை. அனுப்புவது நின்றது. சவ்வை இழுத்து ஒட்டுகிற மேசையில் இப்போது நான் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு விரல் போதும்.

அவர் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, "இது யாரோடது?" என்று கேட்டார். உன் கடிதங்களையே கொண்டுபோய்க் கொடுத்தேன், சோறு அடிப்பிடித்தது வரை படித்தார். உனக்குத் தனியாக எழுதுவார். அந்த நாற்காலிக்கு உன்னைக் கேட்கப் போகிறார். என்னை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதே. சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.

அத்தானிடம், 'யார்கிட்ட சொல்லுவான்' என்று அவர் சொன்னது சரி என்று சொல்.

உன் தம்பி

*

மே 6

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்குச் சத்தமாக வாசித்தேன், நடுவில் இரண்டு இடத்தில் அவர் வாங்கி வாசிக்க வேண்டியிருந்தது. நாங்கள் சுகம்.

நானும் யோக்கியம் இல்லை. போன் எடுக்காத அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. கேட்டால் நீ கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று தள்ளிப்போட்டேன். பத்து வருடத்தில் என்னிடம் யாரும் 'நீளமாக எழுது' என்று சொன்னதில்லை. டாக்டர்கள் சொல்வதைத் தட்டுவேன், எனக்கு என்ன கேட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஆசையில் இரண்டு மாதம் உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

முதலாளியம்மா கடிதம் வந்தது. ஆசைதான், தம்பி. மறைக்க மாட்டேன். உன் இடத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்ததும் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன், அடுத்த நிமிடமே அங்கே வேறு என்னென்ன பதிவுகள் இருக்கும் என்று யோசனை ஓடுகிறது. உன் அத்தான், "தையல் மெஷின் இல்லாத ஊர் எங்க இருக்கு, கிளம்பு" என்கிறார். ஏற்கனவே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் சரி என்று எழுதுவதற்கு முன்னால் நான் போய்க் காதைச் சோதித்துக்கொண்டேன். அப்பாவுக்குப் பிறந்தவள்தானே நானும். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது காது நன்றாக இருக்கிறது. இடது காதில் மேலே குறையத் தொடங்கிவிட்டதாம். எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டேன். சோதித்த பெண், "அஞ்சு இருக்கலாம், பத்து இருக்கலாம், சொல்ல முடியாதுங்க" என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் ஒன்றரை வருடம் எப்படிப் போயிருக்கும் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தாளை அப்படியே முதலாளியம்மாவுக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு வரியில் பதில் எழுதியிருக்கிறார்: 'வருடம் ஒருமுறை இந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். ஜூன் ஒன்றாம் தேதி வந்து சேருங்கள்.'

ஒன்றாம் தேதி வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உனக்கு எவ்வளவு போய்விட்டது என்று ஒன்றரை வருடமாக நீயே எண்ணிக்கொண்டிருக்கிறாய். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்தாக வேண்டும். மே இருபதாம் தேதி உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் உன் பெயரைப் பதிந்துவிட்டேன். அதற்கு முந்தின நாளே நான் வந்துவிடுவேன். நீ அந்தக் கண்ணாடி அறைக்குள் போகும்போது நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா